ஆஸ்துமா மோசமாகுதா? அடுத்த மருந்தைச் சேர்க்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

'ரெண்டு பஃப் அடிச்சா சரியாயிடும்' என்று ஹேண்ட்பேக்கில் நீல நிற பம்ப்பை வைத்துக்கொண்டு சுற்றுபவரா நீங்கள்? அப்படியென்றால் ஒரே ஒரு கேள்வி. கடந்த ஒரு வருடத்தில் அந்த பம்ப்பை எத்தனை முறை புதிதாக வாங்கினீர்கள்?

ஒரு பம்ப்பில் பொதுவாக 200 பஃப் இருக்கும். வருடத்துக்கு மூன்று பம்ப் காலியாகிறது என்றாலே உங்கள் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை, திடீர் அட்டாக் வரும் ஆபத்து கூடியிருக்கிறது என்று அர்த்தம். மாதத்துக்கு ஒன்று என்றால் உயிருக்கே ஆபத்து. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக அலசிய தேசிய ஆய்வறிக்கை ஒன்று 2014-ல் வெளியானது. எத்தனை பம்ப் வாங்கினார்கள் என்ற பதிவு கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் மட்டும் 12-க்கும் மேற்பட்ட பம்ப்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. கையில் மருந்து இருந்தது. ஆனால், நோயைத் தணிக்கும் மருந்து பலருக்குப் போதுமான அளவு போகவே இல்லை.

இருமல் கூடுகிறது, ராத்திரி வீசிங் வருகிறது என்றதும் பலரும் டாக்டரிடம் கேட்பது, 'இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க' என்பதைத்தான். டாக்டரிடம் போகாதவர்கள் மெடிக்கல் ஷாப்பில் கேட்கிறார்கள். ஆஸ்துமாவுக்குக் கூடுதலாகச் சேர்க்கும் மருந்துகள் நிறையவே இருக்கின்றன. மாத்திரை, பம்ப், மாதம் ஒருமுறை போடும் ஊசி என்று பல வகை. இதில் எது ஸ்ட்ராங் என்பது கேள்வியே இல்லை. உங்கள் ஆஸ்துமா எந்த வகை, எதனால் மோசமாகிறது என்பதுதான் விஷயம்.

ரசம் இல்லாமல் தாளிப்பா?

ஆஸ்துமாவில் இரண்டு வேலை நடக்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்புறம் வீங்கி, சளி கோத்துக்கொள்கிறது. நீல பம்ப்பில் இருக்கும் சால்பூட்டமால், இறுகிய தசையை மட்டும் நான்கைந்து மணி நேரத்துக்குத் தளர்த்தும். வீக்கத்தைத் தொடவே தொடாது. சட்டென்று மூச்சு விட முடிவதால் நோயே சரியானதுபோல இருக்கும். வீக்கம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

வீக்கத்தைக் குறைப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. புடசனைடு, பெக்லோமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன் என்றெல்லாம் பெட்டியில் போட்டிருக்கும். ஆஸ்துமா சிகிச்சையின் அஸ்திவாரம் இதுதான். பிறகு சேர்க்கும் எல்லா மருந்தும் ரசத்துக்குத் தாளிப்பு மாதிரி. ரசமே இல்லாமல் தாளிப்பை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சை நெறிமுறைகளை வெளியிடும் 'ஜினா' அமைப்பு, 'நீல பம்ப்பை மட்டும் தனியாகக் கொடுத்து சிகிச்சை செய்யாதீர்கள்' என்று 2019-லேயே சொல்லிவிட்டது.

'ஸ்டீராய்டா? ஐயோ, வேண்டாம், பழகிடும்' என்று பின்வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன கணக்கு. அட்டாக் வந்தால் வாய்வழியாகக் கொடுக்கும் ப்ரெட்னிசோலோன் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை போகும். பம்ப்பின் ஒரு பஃப்பில் வருவது 100, 200 மைக்ரோகிராம். எடையில் 200 மடங்குக்கும் மேல் வித்தியாசம். அதுவும் நேரடியாக மூச்சுக்குழாய்க்குக் கொடுக்கப்படுகிறது. தினமும் சிறிய அளவு பம்ப்புக்குப் பயந்து, வருடத்துக்கு மூன்று முறை பெரிய அளவு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வதில் என்ன லாபம்? இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இல்லையென்றால் வாய்ப்புண், குரல் கரகரப்பு வரலாம். பெரும்பாலானவர்களுக்குப் பக்கவிளைவு அவ்வளவுதான்.

உண்மையிலேயே மோசமாகுதா?

கடந்த நான்கு வாரங்களை நினைத்துப் பாருங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இழுப்பு வந்ததா? ஆஸ்துமாவால் ஒரு நாளாவது தூக்கம் கலைந்ததா? வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் நீல பம்ப் தேவைப்பட்டதா? மாடிப்படி, ஜிம், கிரிக்கெட் என்று எதையாவது தவிர்த்தீர்களா? மூன்று, நான்கு கேள்விகளுக்கு 'ஆமாம்' என்றால் கட்டுப்பாடு கைவிட்டுப் போய்விட்டது. ஒன்றிரண்டு என்றால் பாதி வழியில் இருக்கிறீர்கள்.

ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, பம்ப் அடித்தும் தேறவில்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். கூடுதல் மருந்து எது என்று யோசிக்கும் நேரம் அதுவல்ல.

சேர்க்கும் முன் சில சோதனைகள்

முதலில், இழுக்கும் முறை. இன்ஹேலர் பயன்படுத்துபவர்களில் 70 முதல் 80 சதவிகிதம் பேர் அதைத் தவறாகத்தான் பயன்படுத்துகிறார்கள். இவர்களுக்கு இரண்டாவது மருந்தைச் சேர்த்தால், அதுவும் தொண்டையோடு நின்றுவிடும். பம்ப் என்றால் மெதுவாக, பவுடர் என்றால் வேகமாக! இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பம்ப்பை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டுவிட்டு, அழுத்தும் அதே நேரத்தில் நாலைந்து விநாடிகள் நிதானமாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். ரோட்டாகேப் போடும் பவுடர் கருவியில் இதற்கு நேரெதிர். ஆரம்பத்திலேயே பலமாக, வேகமாக இழுத்தால்தான் பவுடர் நுரையீரல்வரை போகும். பம்ப்பிலிருந்து பவுடருக்கு மாறியவர்கள் பழைய பழக்கத்தில் மெதுவாக இழுத்துவிட்டு, 'இந்த மருந்து கேட்கவே இல்லை' என்பார்கள். பம்ப்போடு ஸ்பேஸர் மாட்டிக்கொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. அது குழந்தைகளுக்கு மட்டுமானது கிடையாது. பம்ப் தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதை நம்ப முடியாது. பஃப் எண்ணிக்கை காட்டும் பம்ப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, தினமும் எடுக்கிறீர்களா? 'நல்லா இருந்துச்சு, அதனால நிறுத்திட்டேன்' என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், 'இந்த டோஸ் போதவில்லை' என்று அவர் அடுத்த படிக்குப் போய்விடுவார்.

மூன்றாவது, உங்களைச் சுற்றி என்ன இருக்கிறது? சாம்பிராணி, கொசுவத்தி, ரூம் ஸ்ப்ரே, போகிப் புகை, சிகரெட் எல்லாம் தெரிந்த கதை. பலர் கவனிக்காதது வேலை செய்யும் இடம். ஸ்பின்னிங் மில் பஞ்சுத் தூசி, பேக்கரி மாவு, ஸ்ப்ரே பெயின்ட், பியூட்டி பார்லரில் தலைமுடிக்குப் போடும் பிளீச் இவையெல்லாம் ஆஸ்துமாவைக் கிளப்பும், சிலருக்குப் புதிதாக வரவும் வைக்கும். லீவு நாளில் நன்றாக இருந்து, வேலைக்குப் போனதும் மோசமானால் அதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நான்காவது, வேறு மாத்திரைகள். மைக்ரேனுக்கோ மேடை நடுக்கத்துக்கோ கொடுக்கும் ப்ரொப்ரனலால், மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியது. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துகூட அப்படித்தான். மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குள் கடுமையான அட்டாக் வரலாம். இப்படி ஒருமுறை நடந்திருந்தாலும் அது உங்கள் மருந்துச் சீட்டின் முதல் வரியில் இருக்க வேண்டும். அதேபோல தும்மல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், உடல் பருமன் இவற்றைக் கவனிக்காமல் நுரையீரலுக்கு மட்டும் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

கடைசியாக, இது ஆஸ்துமாதானா? நம் ஊரில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். யானைக்கால் புழுவால் வரும் ஒரு வகை ஈசினோபீலியா, ராத்திரி இருமல், வீசிங் என்று அச்சு அசலாக ஆஸ்துமா மாதிரியே இருக்கும். ரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கை 3,000-க்கு மேல் எகிறியிருக்கும். அதற்கான மருந்தே வேறு, மூன்று வாரக் கோர்ஸ். இன்னொன்று, ஆஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சைக்கு நுரையீரல் காட்டும் ஒவ்வாமை. பழுப்பு நிறத்தில் கட்டிக் கட்டியாகச் சளி வரும், ஐ.ஜி.இ அளவு மிக அதிகமாக இருக்கும். வருடக்கணக்கில் பம்ப் மாற்றி பம்ப் மாற்றிப் பார்த்தும் சரியாகாதவர்களிடம் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

முதலில் சேர்ப்பது எதை?

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் ஆஸ்துமா அடங்கவில்லையா? இப்போதுதான் கூடுதல் மருந்து. ஸ்டீராய்டு டோஸை இரண்டு மடங்காக்குவதா, இல்லை வேறு மருந்தைச் சேர்ப்பதா என்ற கேள்விக்கு 1994-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு ஒன்று நல்ல பதில் கொடுத்தது. குறைந்த டோஸ் ஸ்டீராய்டோடு, நீண்ட நேரம் வேலை செய்யும் மூச்சுக்குழாய் விரிப்பான் ஒன்றைச் சேர்த்தவர்கள், ஸ்டீராய்டை மட்டும் கூட்டியவர்களைவிட நன்றாக இருந்தார்கள். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டின் பலனில் பெரும்பகுதி குறைந்த டோஸிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் கூட்டக் கூட்டப் பலன் கொஞ்சமாகவும், பக்கவிளைவு அதிகமாகவும் வளரும்.

ஃபார்மோட்டெரால், சால்மெட்டெரால் இரண்டும் அந்த வகை விரிப்பான்கள். 12 மணி நேரம் தாங்கும். இவற்றைத் தனியாக மட்டும் எடுக்கவே கூடாது. சுமார் 26,000 பேரிடம் சால்மெட்டெராலைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006-ல் வெளிவந்தபோது, மருந்து எடுத்தவர்களில் 13 பேரும் டம்மி மருந்து எடுத்தவர்களில் 3 பேரும் ஆஸ்துமாவால் இறந்திருந்தார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆரம்பத்தில் ஸ்டீராய்டு பம்ப் எடுக்காதவர்கள். ஸ்டீராய்டோடு ஒரே பம்ப்பில் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து இல்லை என்று பிறகு நடந்த பெரிய ஆய்வுகள் காட்டின. எனவே 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கூட்டு பம்ப்கள் மீதிருந்த கறுப்புப் பெட்டி எச்சரிக்கையை நீக்கியது.

இந்த இரண்டில் ஃபார்மோட்டெராலுக்கு ஒரு ஸ்பெஷல் குணம் உண்டு. சில நிமிடங்களிலேயே வேலையை ஆரம்பித்துவிடும். அதனால் புடசனைடு-ஃபார்மோட்டெரால் கூட்டு பம்ப்பை தினசரி மருந்தாகவும், இழுப்பு வரும்போது அவசர மருந்தாகவும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறை அவசரத்துக்கு இழுக்கும்போதும் கூடவே வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் உள்ளே போகிறது. ஒரே பம்ப், ஒரே டெக்னிக். கடுமையான அட்டாக்குகள் குறைவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நீல பம்ப் மட்டும் வைத்திருப்பவர் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைப் பற்றித்தான் என்பேன். பெரியவர்களுக்குப் பொதுவான உச்சவரம்பு ஒரு நாளில் மொத்தம் 12 பஃப். தினமும் அந்தப் பக்கம் போகிறீர்கள் என்றால் உடனே டாக்டரைப் பாருங்கள். ஆனால், எல்லாக் கூட்டு பம்ப்பையும் இப்படிப் பயன்படுத்த முடியாது. சால்மெட்டெரால் மெதுவாகத்தான் எழுந்திருக்கும், அவசரத்துக்கு உதவாது. பெட்டியில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். கை லேசாக நடுங்குவது, படபடப்பு ஆகியவை ஆரம்பத்தில் வரலாம்.

'சளி மாத்திரை'க்குள் ஒளிந்திருப்பது

மான்டெலுகாஸ்ட். பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் சளி, தும்மல் என்று போனால் லீவோசெட்டிரிசினோடு சேர்த்து ராத்திரி ஒன்று போடச் சொல்லும் மாத்திரையில் இருப்பது இதுதான். லூக்கோட்ரையீன் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும். கூடுதல் மருந்தாகப் பார்த்தால் ஃபார்மோட்டெரால் அளவுக்கு வலு கிடையாது. ஆஸ்துமாவோடு ஒவ்வாமைத் தும்மலும் இருப்பவர்கள், வலி மாத்திரைக்கு அட்டாக் வருபவர்கள், பம்ப்பை ஒழுங்காக இழுக்க முடியாத சிலர் என்று குறிப்பிட்டவர்களுக்கு உதவும்.

இதன் மறுபக்கம் நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரைக்குத் தன் உச்சகட்ட எச்சரிக்கையைப் போட்டது. கெட்ட கனவு, தூக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம்வரை வரலாம் என்பதுதான் காரணம். வெறும் தும்மலுக்கு, மற்ற மருந்துகள் கைகொடுக்காதபோது மட்டும் இதைக் கொடுக்கவும் அது அறிவுறுத்தியது. எல்லோருக்கும் இப்படி ஆகாது; பெரும்பாலானோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால், மாத்திரை ஆரம்பித்த பிறகு மனசு ஒரு மாதிரி இருந்தால் 'ஆபீஸ் டென்ஷன்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். மாற்றம் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் நீங்களே வாங்கிப் போடும் மாத்திரை இதுவல்ல.

மூன்றாவது பம்ப், பழைய மாத்திரை

கூட்டு பம்ப் எடுத்தும் தேறாதவர்களுக்கு டியோட்ரோபியம். புகைபிடிப்பவர்களின் நுரையீரல் நோய்க்காக வந்து, 2015-ல் அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்கும் அனுமதி பெற்றது. ஒரு நாளைக்கு ஒரு வேளை. பலன் மிதமானதுதான். வாய் உலரும்; கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தியோஃபிலின் வகை மாத்திரைகள் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ரொம்பப் பழக்கம். விலையும் குறைவு. ஆனால், பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகல். வாந்தி, படபடப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்புவரை போகலாம். காய்ச்சலுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ரத்தத்தில் இதன் அளவு ஏறிவிடும். நல்ல பம்ப்கள் கிடைக்கும் இந்தக் காலத்தில் இதை எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்பதே நெறிமுறை. தாத்தாவின் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

ஊசிக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

இவ்வளவுக்குப் பிறகும் அட்டாக் வந்துகொண்டே இருக்கும் சிலருக்குத்தான் பயாலஜிக் ஊசிகள். யாருக்கு எந்த ஊசி என்பதைத் தீர்மானிக்க முதல் துப்பு, விலை குறைந்த ஒரு ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. அதுதான் ஈசினோபில் எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 150-க்கு மேல் இருந்தாலே டாக்டர்கள் கவனிப்பார்கள். 300-க்கு மேல் என்றால் இந்த ஊசிகள் நன்றாக வேலை செய்யும் வாய்ப்பு கூடும். ஆனால், ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது டெஸ்ட் எடுத்தால் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். குடல் புழு இருந்தால் கூட்டிக் காட்டும். ஊசி ஆரம்பிக்கும் முன் புழுத் தொற்றைச் சரிசெய்துவிடவும் வேண்டும்.

தூசி, பூனை முடி போன்றவற்றுக்கு ஒவ்வாமை உறுதியாகி, ஐ.ஜி.இ அதிகமாக இருந்தால் ஒமாலிசுமாப். 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இந்த வரிசையில் மூத்தது. ஈசினோபில் அதிகம் என்றால் மெபோலிசுமாப், பென்ராலிசுமாப். கூடவே மூக்கில் சதை வளர்ச்சியோ கடுமையான தோல் அரிப்பு நோயோ இருந்தால் டூபிலுமாப். ஒரே ஊசி இரண்டு பிரச்னைக்கும் உதவும். எல்லாமே விலை அதிகம். அதனால்தான் இழுக்கும் முறையைச் சரிபார்க்காமல் இந்த ஊசிக்குப் போவது பணத்துக்குப் பிடித்த கேடு.

ஈசினோபில் குறைவாக இருப்பவர்களுக்கும் வழி உண்டு. அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், வாரத்துக்கு மூன்று முறை என்று 48 வாரங்கள் கொடுத்த ஆஸ்திரேலிய ஆய்வு 2017-ல் வெளியானது. அதில் அட்டாக்குகள் குறைந்தன. ஆன்டிபயாடிக் ஆயிற்றே! கிருமிகளின் எதிர்ப்புத்திறன், காது கேட்கும் திறன், இ.சி.ஜி எல்லாவற்றையும் யோசித்து நுரையீரல் நிபுணர் எடுக்க வேண்டிய முடிவு அது.

ப்ரெட்னிசோலோனை மாதக்கணக்கில் தொடர்வது வரிசையின் கடைசியில்தான் வரும். சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண்புரை என்று பட்டியல் நீளம். வாழ்நாளில் நான்கைந்து குறுகிய கோர்ஸ்களே இந்த ஆபத்துகளைக் கூட்டத் தொடங்கிவிடும். இதுவரை எத்தனை கோர்ஸ் போட்டிருக்கிறீர்கள் என்று போனில் குறித்து வையுங்கள். ஊசிகள் விலை அதிகமானாலும் சிலருக்கு அவசியமாவது இந்த மாத்திரையிலிருந்து விடுபடத்தான்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. 'குழந்தைக்கு ஆகாது' என்று பம்ப்பை நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கு மூச்சுத்திணறினால் குழந்தைக்கும் ஆக்ஸிஜன் குறையும். நிறுத்தாமல் டாக்டரிடம் பேசுங்கள்.

சேர்த்தாச்சு, அப்புறம்?

புதிய மருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி குறியுங்கள். பம்ப், மாத்திரை என்றால் இரண்டு, மூன்று மாதங்கள். பயாலஜிக் ஊசி என்றால் குறைந்தது நான்கு மாதங்கள். அந்தத் தேதியில் மேலே சொன்ன நான்கு கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். எந்த மாற்றமும் இல்லையென்றால், அதன்மேல் இன்னொன்றை அடுக்காமல், பலன் தராததை நிறுத்திவிட்டு அடுத்ததை யோசிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். சீட்டில் ஆறு மருந்து ஏறியது பெரும்பாலும் எதையும் இறக்காததால்தான்.

மூன்று மாதம் நன்றாக இருந்தால் டாக்டரே ஒவ்வொரு படியாகக் குறைப்பார். அட்டாக்குகள் நின்று, ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் அதுதான் முதலில் போகும். கூட்டு பம்ப்பின் டோஸ் பிறகு குறையும். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டை மட்டும் முழுசாக நிறுத்த மாட்டார்கள், நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எல்லா பம்ப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், அவர் முன்னாலேயே ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.